நாலு கோடு சிக்னல், நகராத பக்கம்: வயர்லெஸ் போன் வழியாக ஒரு கிராமத்துக் கணினி

பின்னணி

இது 2007-இல் திருவாரூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் நடந்தது. ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். இணைப்பைத் தந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் அப்போது பக்கத்து நகரத்தில் கணினி சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஊரில் ஒரு பெண், மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிப்ரவரியில் ஒரு பழைய கணினியும் பிரிண்டரும் வாங்கினார். விண்டோஸ் எக்ஸ்பி, 256 எம்பி நினைவகம். தட்டச்சு வேலையோடு நெட்டும் இருந்தால் ஊர்ப் பிள்ளைகள் தேர்வு முடிவு பார்க்க பஸ் ஏற வேண்டியதில்லை என்பது அவருடைய கணக்கு. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகள் அங்கே நிறைய. பேரக் குழந்தையின் போட்டோவை மெயிலில் அனுப்பித் தரச் சொல்லி ஏற்கெனவே கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

கம்பி இணைப்புக்கு வழியில்லை. ஊருக்கு வந்த தொலைபேசிக் கேபிளில் காலியாக ஒரு ஜோடிக் கம்பி கிடையாது. புதிதாக இழுக்க எப்போது வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் டபிள்யூ.எல்.எல். போன், அதாவது டவரோடு கம்பியில்லாமல் பேசும் வீட்டுப் போன் எடுத்தார். மேசையில் வைக்கிற சாதாரண போன் மாதிரிதான் இருக்கும். சுவரிலிருந்து கம்பி வராது, பின்னால் ஒரு சின்ன ஆன்டெனா நிற்கும். உள்ளே இருப்பது சிடிஎம்ஏ என்ற கைப்பேசி முறையில் வேலை செய்யும் ரேடியோ. பின்பக்கம் ஒரு சீரியல் போர்ட், யுஎஸ்பிக்கு முந்தைய காலத்து இணைப்பு வாய். அதைக் கணினியோடு இணைத்து, மோடம் என்று சேர்த்து, #777 என்று டயல் செய்தால் நெட் வரும்.

முதல் மூன்று மாதம்

மார்ச் முதல் வாரம் நான்தான் போய் இணைத்தேன். காலை பதினொரு மணி இருக்கும். முதல் தடவையிலேயே இணைந்தது. போன் திரையில் நாலு கோடு, முழு சிக்னல். ஒரு மெயில் கணக்கு திறந்து கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அரை மணி நேர வேலை.

பிறகு புகார் வரத் தொடங்கியது. சில நாள் நன்றாக ஓடுகிறது, சில நாள் பக்கம் பாதியில் நிற்கிறது, இணைப்பு அறுந்து போகிறது என்றார். எந்த நேரத்தில் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இந்த ஆய்வில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய தவறு அதுதான்.

கணினியைச் சந்தேகப்பட்டேன். பென்டிரைவ் வழியாக வைரஸ் பரவிக்கொண்டிருந்த காலம், அதனால் அந்தச் சந்தேகம் இயல்பாகவே வந்தது. ஃபார்மட் அடித்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். தானியங்கி அப்டேட்டை நிறுத்தினேன். அதில் கொஞ்சம் பலன் இருந்தது; இவ்வளவு குறுகலான பாதையில் அப்டேட் இறங்கினால் வேறு எதுவும் நகராது. ஏப்ரலில் டேட்டா கேபிளை மாற்றினேன். இரண்டு முறையும் நான் போனது முற்பகல். இரண்டு முறையும் நன்றாக ஓடியது. சரியாகிவிட்டது என்று இருவருமே நம்பினோம்.

தேர்வு முடிவு நாள்

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தது. அந்த ஆண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கூடுதல் கனம் இருந்தது. தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்க்கை நடந்த முதல் ஆண்டு அது. தேர்ச்சியா என்பதோடு விஷயம் முடியவில்லை. கணக்கில் எவ்வளவு, இயற்பியலில் எவ்வளவு, கட்-ஆஃப் என்ன வரும் என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளத் துடித்தார்கள்.

அக்கா முதல் நாளே ஐம்பது பதிவெண்களை ஒரு நோட்டில் எழுதி வாங்கியிருந்தார். காலையில் கடை வாசலில் கூட்டம். இணைப்பு இரண்டு முறை வந்து அறுந்தது. பிறகு டயலே ஆகவில்லை. தளத்திலும் நெரிசல் இருந்திருக்கலாம், ஆனால் இங்கே அதற்கு முந்தைய படியே தாண்டவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்க அந்த நேரத்தில் எல்லோரும் போனில்தான் இருந்தார்கள். டவரில் இருக்கும் இடத்தைப் பேச்சும் இணையமும் பங்குபோட்டுக்கொள்கின்றன. நெரிசல் வந்தால் பேச்சுக்குத்தான் முதலிடம்.

அவர் செய்தது நல்ல முடிவு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். டயல் செய்வதை நிறுத்திவிட்டு, அதே போனில் என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது முயற்சியில் கிடைத்தேன். "தம்பி, நான் நம்பர் சொல்றேன், நீங்க பார்த்து மார்க் சொல்லுங்க" என்றார். நான் நகரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிராட்பேண்ட் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் எழுதிக்கொண்டார். ஐம்பதும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. யாரும் பஸ் ஏறவில்லை. ஆனால் அன்று மாலை அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை: "நாலு கோடு காட்டுதே தம்பி, அப்புறம் ஏன் வரல?"

அளந்து பார்த்தது

அதற்குப் பிறகு ஒழுங்காக அளப்பது என்று முடிவு செய்தோம். ஒரு 1 எம்பி கோப்பை ஒரு தளத்தில் போட்டுவைத்தேன். அதை ஒரு நாளைக்கு மூன்று முறை இறக்க வேண்டும்: காலை ஒன்பது, மதியம் இரண்டு, மாலை ஏழு. ஆன நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். எழுதியது அக்காவின் மகன், ஒன்பதாம் வகுப்பு. பத்து நாளும் ஒரு வேளை தவறாமல் எழுதினான்.

சிடிஎம்ஏ 1எக்ஸ் முறையில் ஒரு இணைப்புக்கு அடிப்படையாகக் கிடைப்பது வினாடிக்கு 9.6 கிலோபிட். டவரில் இடம் இருந்தால், சிக்னலும் சுத்தமாக இருந்தால், அது இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகி 16 மடங்கு வரை, அதாவது 153.6 கிலோபிட் வரை போகும். விளம்பரங்களில் சொல்வது மேல்முனை. நெரிசலில் கிடைப்பது கீழ்முனை. நோட்டில் வந்த எண்களும் அப்படித்தான் இருந்தன. காலையில் 1 எம்பி இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் 10 வினாடி, கணக்குப் போட்டால் 64 கிலோபிட் சுமார். மாலை ஏழு மணிக்கு அதே கோப்புக்கு 9 நிமிடம், வினாடிக்கு 15 கிலோபிட்டுக்குப் பக்கம். பத்தில் நான்கு மாலைகளில் முடிவதற்குள் அறுந்துவிட்டது. பத்து நாளும் போன் திரையில் நாலு கோடுதான்.

அவருடைய வாடிக்கையாளர்கள் வருவது மாலையில். பள்ளி விட்டு, வயல் வேலை முடிந்து, சிங்கப்பூரில் பிள்ளைகள் அறைக்குத் திரும்பிய பிறகு. நான் போய்ப் பார்த்ததெல்லாம் முற்பகலில்.

நோட்டை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். புகார் எண் கேட்காமல் நோட்டை வாங்கிப் படித்தார். ஒரு சனிக்கிழமை மாலை அவரே கடைக்கு வந்தார். போனில் ஒரு மறைவான சோதனைத் திரை இருப்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, மொத்தமாக வந்து சேரும் அலையின் பலம். அது மைனஸ் 72 டிபிஎம், நன்றாகவே இருந்தது (இரண்டு எண்ணிலும் மைனஸ் குறையக் குறைய நல்லது). கோடுகள் காட்டுவது இதைத்தான். மற்றொன்று ஈசி பை ஐஓ. வந்து சேரும் மொத்த அலையில் நமக்கு வேண்டிய டவரின் பைலட் என்ற அடையாள அலையின் பங்கு எவ்வளவு என்பதை அது சொல்லும். மாலையில் அது மைனஸ் 13 டெசிபெல். மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான் அந்த அடையாள அலை, மீதியில் பெரும்பகுதி இடைஞ்சல்.

காரணம் டெல்டாவின் தரை. மேடு பள்ளம் இல்லாத வயல்வெளியில் தூரத்து டவரின் அலையும் தடையில்லாமல் வந்துவிடுகிறது. அந்தக் கடையில் மூன்று டவர்கள் ஏறக்குறைய ஒரே பலத்தில் விழுந்தன. சிடிஎம்ஏ-வில் எல்லா டவரும் ஒரே அலைவரிசையில் பேசும். குறியீடு மட்டும்தான் வேறு. கோயில் திருவிழாவில் மூன்று கம்பத்தில் மூன்று குழாய் ஒலிபெருக்கி கட்டி, மூன்றிலும் வெவ்வேறு பாட்டு ஓடினால் நடுவில் நிற்பவருக்குச் சத்தத்துக்குக் குறைவிருக்காது, பாட்டுதான் புரியாது. மாலையில் டவர்களில் பேசுகிறவர்கள் கூடக் கூட ஒவ்வொரு டவரும் தன் சத்தத்தைக் கூட்டும். கோடு குறையாது, தெளிவு குறையும். இதனால் ஒரு டவர் எட்டுகிற எல்லையே நெரிசல் நேரத்தில் சுருங்கிவிடும் என்றார் பொறியாளர்.

இந்த வேறுபாடு அந்தப் போனோடு முடிந்துவிடவில்லை. இன்று கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைப்பவர்கள் 4ஜி சோதனைத் திரையில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்களைப் பார்க்கலாம். முதலாவது பலம், இரண்டாவது தெளிவு. கோடு நிறைய இருந்தும் பக்கம் நகராவிட்டால் இரண்டாவதைப் பார்க்க வேண்டும். அதுவும் நன்றாக இருந்தால் டவரில் கூட்டமாக இருக்கலாம்.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் இருந்தன. நிறுவனம் டவர்களைச் சரிசெய்யும்வரை காத்திருக்கலாம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெட்டையே விட்டுவிடலாம். அல்லது ஒரு திசையை மட்டும் பார்க்கும் யாகி ஆன்டெனா போட்டு, ஒரு டவரைத் தேர்ந்தெடுத்து மற்ற இரண்டையும் ஒதுக்கலாம். செலவு ஆயிரத்துச் சொச்சம். அக்காவின் கடைக்கு அது சின்னத் தொகை இல்லை. ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். கலந்தாய்வு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எந்த டவரை நோக்கித் திருப்புவது என்பதுதான் உண்மையான கேள்வி. என் கை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டவரை நோக்கித்தான் போனது, பக்கத்தில் இருப்பது அதுதான். பொறியாளர் வேண்டாம் என்றார். மாலையில் கூட்டம் அதில்தான், ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மற்றொரு டவரில் ஆட்கள் குறைவு என்றார். தூரத்து டவரை எடுப்பது என்று தீர்மானித்தோம். மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டி மொட்டைமாடியில் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, கீழே திரையைப் பார்த்துப் பையன் கத்தினான். "மைனஸ் பதினொண்ணு... பத்து... எட்டு, எட்டு, நிறுத்துங்கண்ணா!" அங்கேயே கட்டினோம்.

அன்று மாலை பக்கங்கள் நன்றாகத் திறந்தன. ஆனால் இரண்டு நாளில் வேறொரு புகார் வந்தது. பார்ப்பதெல்லாம் வருகிறது, அனுப்புவது போகவில்லை. ஒரு பாட்டி பேத்தியின் காதுகுத்துப் போட்டோவை அனுப்ப வந்து மூன்று முறையும் பாதியில் நின்றுவிட்டது.

இது என் இரண்டாவது தவறு. ஆன்டெனாவிலிருந்து மேசைவரை 20 மீட்டர் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் இழுத்திருந்தேன், கடையில் கிடைத்தது அதுதான். சிடிஎம்ஏ வேலை செய்யும் 800 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்தக் கேபிள் மீட்டருக்கு அரை டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவாகத் தின்னும். இருபது மீட்டருக்கு ஒன்பது டெசிபெல். ஆன்டெனா கொடுத்ததே பத்துதான். வருகிற வழியில் இது பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் கேபிள் நல்ல அலையையும் இடைஞ்சலையும் ஒரே அளவில் குறைக்கிறது. தெளிவு அப்படியே இருந்தது. போகிற வழியில் நிலைமை வேறு. போனின் ஒலிபரப்புத் திறன் வாட்டில் ஒரு சின்னப் பங்கு. அதில் பெரும்பகுதி கேபிளிலேயே தீர்ந்துபோக, மிச்சத்தை வைத்துக்கொண்டு ஏழு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

தடித்த கேபிள் வாங்கப் பணம் இல்லை. அதனால் போனையே மேலே கொண்டுபோனோம். மாடிப்படி அறையில் ஒரு பலகை அடித்து அங்கே வைத்து, ஆன்டெனா கேபிளை மூன்று மீட்டராக வெட்டினேன். கீழே கணினிவரை 12 மீட்டர் சீரியல் கேபிள். யுஎஸ்பி என்றால் ஐந்து மீட்டர்தான் போகும். சீரியலாக இருந்தது அந்த இடத்தில் உதவியது. ஆனால் வினாடிக்கு 115,200 பிட் வேகத்தில் அவ்வளவு நீளத்துக்குப் பிழைகள் வந்தன. போர்ட் வேகத்தை 57,600 ஆக இறக்கியதும் நின்றது.

அதற்கு ஒரு விலை இருந்தது, அதை அக்காவிடம் முன்பே சொன்னேன். இனி காலையிலும் 1 எம்பிக்கு மூன்று நிமிடத்துக்குக் குறைவாக ஆகாது. "காலையில யாரு வர்றா? சாயங்காலம் ஓடினா போதும்" என்றார். போன் மாடியில் இருப்பதால் அதில் பேச முடியாது என்பதையும் ஏற்றுக்கொண்டார்.

பின்பு நடந்தது

ஜூன் கடைசியில் மறுபடி பத்து நாள் நோட்டு போட்டோம். காலையில் 3 நிமிடம் 10 வினாடி. மாலையில் மூன்றே முக்காலிலிருந்து நாலரை நிமிடம். பத்து மாலையில் ஒன்றே ஒன்று அறுந்தது. பாட்டியின் போட்டோ போய்ச் சேர்ந்தது. அனுப்புவதற்கு முன் அதைச் சிறிதாக்கப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஜூலையில் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு நடந்தது. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எவ்வளவு இடம் மிச்சம் என்ற பட்டியலை அக்கா பிரவுசரில் படங்கள் வராமல் நிறுத்திவைத்து மாலைதோறும் இறக்கி, பிரிண்ட் எடுத்துக் கடை வாசலில் ஒட்டினார். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து பார்த்தார்கள். சென்னைக்குக் கிளம்புமுன் எந்த இடத்தைக் கேட்பது என்று அந்தத் தாளுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்ட அப்பாக்களையும் பிள்ளைகளையும் பார்த்தபோது, இந்த வேலையை முன்பே ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அக்டோபரில் மழை தொடங்கியது. ஒரு பிற்பகல் இடி பக்கத்தில் எங்கோ விழுந்தது. அக்கா முன்பே பிளக்குகளைப் பிடுங்கிவிட்டார். ஆன்டெனா கேபிளும் சீரியல் கேபிளும் அப்படியே இருந்தன. அவற்றையும் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் கணினி ஓடியது, போன் ஓடியது, சீரியல் போர்ட் மட்டும் செத்திருந்தது. கணினிக்குள் செருகும் ஒரு பிசிஐ சீரியல் கார்டு போட்டுச் சரிசெய்தேன். அந்தச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன், ஏனென்றால் கம்பத்துக்கு எர்த் போடாதது என் குறை. அந்த வாரமே மூங்கிலை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் நட்டு, குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினோம். இடி கேட்டால் நான்கு கேபிளையும் கழற்ற வேண்டும் என்று படிக்கட்டுச் சுவரில் பையன் சாக்பீஸால் எழுதிவைத்தான்.

மறுபடி செய்தால்

முதல் நாளே, எந்த நேரத்தில் யாருக்காக இந்த நெட் என்று கேட்டிருப்பேன். பதில் மாலை என்றால் மாலையில் போயிருப்பேன். ஃபார்மட்டும் புதுக் கேபிளும் மார்ச்சிலிருந்து மே வரை எங்களை வேறு பக்கம் பார்க்கவைத்தன. அந்த நேரத்தில் பையனின் நோட்டு இருந்திருந்தால் பத்தே நாளில் காரணம் தெரிந்திருக்கும்.

இறக்குவதை மட்டும் அளந்ததும் போதாது. ஒரு கோப்பை அனுப்பியும் பார்த்திருந்தால் கேபிள் தவறு அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆன்டெனா வாங்குமுன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டின் நாலு மூலையிலும் சோதனைத் திரையைப் பார்த்திருக்கலாம். வடக்குச் சுவர் ஓரத்தில் செலவே இல்லாமல் இரண்டு டெசிபெல் கிடைத்தது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

டிசம்பரில் மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறொருவர் இதே போன்ற கடை தொடங்கினார். அவர் போன் வாங்குவதற்கு முன்பே அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். தன் போனைக் கழற்றி மகன் கையில் கொடுத்து, மூன்று மாலை அந்தக் கடையில் வைத்து அளந்துவரச் சொன்னார். நானும் கூடப் போனேன். அங்கே மைனஸ் 6 வந்தது. ஆன்டெனாவே தேவைப்படவில்லை.